இரண்டரைக் கிலோ

"கையை நீட்டட்டுமா சிஸ்டர்?" டை கட்டிய இளைஞன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டான். அவள் மார்பில் குத்தியிருந்த சின்னக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போகுமுன் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

"நானும் இன்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கேன் தம்பி."

அவன் காது சிவக்கக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். சுகாதாரத் துறையில் புள்ளியியல் ஆய்வாளர் வேலை ஒன்றுதான் காலி. அதற்கு நானூறு பேர் விண்ணப்பித்து, ஒன்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் ஒருவர், துணிக்கடை மேற்பார்வையாளர் ஒருவர், கைக்குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்த பெண் ஒருத்தி. எல்லோருக்கும் திடீரென்று எங்கிருந்தோ எண்கள் மேல் ஆசை வந்திருந்தது.

அவள் போன் அதிர்ந்தது. கணவர்தான். 'ஏழாம் பக்கத்தை எடுத்துட்டியா? ஆறு பக்கமே போதும். சொல்றதைக் கேளு.'

அவள் கோப்பைத் திறந்து ஏழாம் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பதில் போடுவதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட நிர்வாக அதிகாரி, மறுபக்கம் புள்ளியியல் சொல்லித்தரும் இளம் பேராசிரியை.

"பதினெட்டு வருஷம் பிரசவ வார்டு நர்ஸ். அப்புறம் வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷமா புள்ளியியல் படிப்பு. ஏம்மா இப்படி?" என்றார் தலைவர்.

"எழுதி வச்ச நம்பரெல்லாம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு சார்."

விண்ணப்பித்த அத்தனை பேருக்கும் ஒரே கணினிக் கோப்பைத்தான் அனுப்பி, அதில் தெரிந்ததை அறிக்கையாக எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு மருத்துவமனைகளில் நான்கு வருடம் பிறந்த குழந்தைகளின் விவரம். பிறந்த தேதி, எடை, எடை பார்த்த நர்ஸின் எண், வீட்டுக்குப் போன குழந்தை திரும்ப வந்ததா என்ற குறிப்பு. யாருடைய பெயரும் அதில் கிடையாது.

அவள் நீட்டிய அறிக்கையின் ஆறு பக்கத்தையும் அவர்கள் மளமளவென்று புரட்டினார்கள். ஏழாவதில் பேராசிரியையின் கை நின்றது.

"இது என்ன, நூத்திப் பதினேழாம் நம்பர் நர்ஸ்?"

"அவங்க பாத்த பிள்ளைங்கள்ல சரியா ரெண்டரைக் கிலோன்னு முப்பத்தொன்பது பேர் இருக்காங்க மேடம். ரெண்டு கிலோ நானூறு, நானூத்தம்பதுன்னு ஒரு பிள்ளைகூட இல்ல. நாலு வருஷத்துல ரெண்டரைக்குக் கொஞ்சம் கீழன்னு ஒண்ணுகூடவா பிறக்காது?"

"தற்செயலா இருக்கலாமே?"

"நானும் அப்படி இருக்கணும்னுதான் பாத்தேன். ஆனா அவங்க காய்ச்சல்ல படுத்திருந்த ஒன்பது நாள்ல, வேற நர்ஸ் அதே மேஜையில எடை பாத்திருக்காங்க. அந்த ஒன்பது நாள்லயே மூணு பிள்ளைங்க ரெண்டரைக்குக் கீழ வந்துட்டாங்க."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்கு ஏத்தி எழுதணும்?"

"ரெண்டரைக்குக் கீழ போனா பிள்ளையைத் தனி வார்டுக்கு அனுப்பணும் சார். அங்க எப்பவும் இடம் இருக்காது. மல்லுக்கட்டணும். இங்க தாய் அழுவா. அம்பது கிராம்தானேன்னு எழுதிட்டா தாயும் பிள்ளையும் ஒண்ணா வீட்டுக்குப் போவாங்க. அந்த நேரத்துக்கு நல்லது பண்ற மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம்?"

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்காமலே வைத்தாள். "முப்பத்தொன்பதுல நாலு பேர் பத்து நாளுக்குள்ள திரும்பி வந்திருக்காங்க. ஒரு பெண் பிள்ளை பொழைக்கல."

பேராசிரியை மெதுவாகக் கேட்டாள். "அது இதனாலதான்னு சொல்ல முடியுமா?"

"முடியாது மேடம். ஒரே ஒரு பிள்ளையை வச்சு எதையும் சொல்லக் கூடாதுன்னுதான் படிச்சேன். ஆனா அந்த வார்டுல இருந்திருந்தா, பால் குடிக்கலைங்கறதை யாராவது பாத்திருப்பாங்க."

பேராசிரியை அந்தத் தாளைக் கண்ணாடிக்காரரிடம் நகர்த்தினாள்.

"உங்களுக்கு அந்த நர்ஸ் மேல ரொம்பக் கோபம் போலிருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கு சார்."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். அவர் கோப்பை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நானூறு பேர் இதைப் பாத்தாங்கம்மா. கணக்குலயே ஊறினவங்க எத்தனையோ பேர். யார் கண்ணுலயும் இது படல. வார்டுல நின்னவங்களுக்குத்தான் தெரியுது. எங்களைக் கேட்டா, இந்த வேலை உங்களுக்குத்தான்."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மடியில் கிடந்த போன் மறுபடி அதிர்ந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆனா இதை இப்படியே விட முடியாது" என்றார் தலைவர். "அந்த நர்ஸ் இன்னும் எங்கயாவது ஒரு வார்டுல பிள்ளைங்களை எடை பாத்துட்டு இருந்தா என்ன ஆறது? உங்க முதல் வேலை அதுதான். பழைய பதிவேடு எல்லாத்தையும் தரச் சொல்றேன். அவங்க யாருன்னு கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?"

அவள் எழுந்து நின்றாள்.

"அது நான்தான் சார்."