கழுத்துக்கு மேலே

மூன்றாவது படம் மேஜைக்கு வந்தபோது எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். பொன்மணி மட்டும் சாயவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடி. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் புகைப்படம் எடுக்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். ஆளுக்கொரு படம் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் பேசத் தொடங்கி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. படத்தைத்தான் பேச வேண்டும், ஆளைப் பேசக் கூடாது.

இரண்டு விதிகளையும் போட்டவர் சதீஷ். ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பொன்மணி கொண்டுவந்த முதல் படத்தை அவர்தான் பிரித்து மேய்ந்தார். தேவதானம் கண்மாயில் கொக்குகள்.

"கொக்கு எங்க இருக்கு? வானந்தான் இருக்கு. அதுவும் வெளுத்துப்போய்க் கிடக்கு."

அன்று பஸ் சேத்தூர் போய்ச் சேரும்வரை அவளுக்கு முகம் எரிந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்குள் அதே கண்மாய்க்குப் போனாள். மறுநாள் அவள் வைத்த படத்தை சதீஷ் கண்ணருகே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது படம்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் யார் படத்தையும் பேசப் பயப்பட்டதில்லை. பேண்டேஜ் துணி கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஓடுகிற துணியில் ஒரு இழை விட்டிருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். படத்திலும் அப்படித்தான். பொன்மணி என்ன சொல்லப் போகிறாள் என்று மற்றவர்கள் காத்திருக்கிற அளவுக்கு வந்திருந்தது.

இன்றைய மூன்றாவது படம் சதீஷுடையது.

ஒரு பெண். பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை, மடியில் கோத்த கைகள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுக்கிற மாதிரிப் படம்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி எடுத்தது. பழைய ஃபைலைத் துழாவையில ஆம்புட்டுது. நம்ம வேலையில இதுதான் சுத்தமான வேலை" என்று சொல்லிவிட்டு, விதிப்படி வாயை மூடிக்கொண்டார்.

மருந்துக் கம்பெனி ரெப்பாக இருக்கும் ஜோயல் முதலில் பேசினான். கண்கள் கூர்மையாக விழுந்திருக்கின்றன, பட்டில் சரிகை ஒவ்வொன்றும் தெரிகிறது என்றான். பள்ளிக்கூடத்து கருத்தையா சார் படத்தை வாங்கிப் பார்த்து, பின்னால் இருக்கிற மங்கல் பதமாக இருக்கிறது என்றார்.

பொன்மணியின் முறை வந்தது. அவள் படத்தைக் கையில் வாங்கவில்லை.

"கழுத்துக்கு மேல ஒரு பொண்ணு, கழுத்துக்குக் கீழ ஒரு பொண்ணு" என்றாள்.



அவள் விரலை நீட்டிக் காட்டினாள். முகம் சந்தன நிறம். கை கறுப்பு. கழுத்தில் கொஞ்ச தூரம் வெளுப்பு இறங்கி, கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டது. காதுமடலை மறந்தேபோயிருக்கிறது. கன்னத்தில் தோலே இல்லை, மாவு அப்பின மாதிரி. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருகிறது, ஆனால் மூக்குக்கு மறுபக்கம் நிழல் இல்லை. துடைத்தாகிவிட்டது.

"லைட்டு அருமையா விழுந்திருக்கு. எடுத்தப்ப நல்ல படமாத்தான் இருந்திருக்கும். பொறவு கம்ப்யூட்டர்ல வச்சுக் கெடுத்தாச்சு. இதைப் பாத்துட்டு வாரவுக, பொண்ணை நேர்ல பாத்ததும் காப்பி டம்ளரைக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிருவாக."

ஜோயல் சிரித்துவிட்டான். பொன்மணி சிரிக்கவில்லை.

சதீஷ் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். படத்தைத் தன் பக்கம் இழுத்தார். காதுமடலைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். தெரு பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டு ஓய்ந்தது. அவர் இன்னும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி நீங்க பேசலாம்" என்றார் கருத்தையா சார்.

"பேச என்ன இருக்கு? அம்புட்டும் சரி" என்றார் சதீஷ். குரல் இறங்கியிருந்தது. "வீட்டு ஆளுக வெள்ளையாக்கிக் குடுன்னாக. ஆக்கிக் குடுத்தேன். அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. எந்த ஊரு, யாரு மகளுன்னுகூட இப்ப ஞாபகம் இல்லை. தெரிஞ்சா கூப்பிட்டு உக்கார வச்சு, உள்ள நெறத்துலயே ஒரு படம் எடுத்துருவேன்."

ஒப்புக்குச் சொல்லவில்லை. ஒப்புக்குப் பேசுகிற ஆள் இல்லை அவர் என்று எட்டு மாதத்தில் பொன்மணிக்குத் தெரிந்திருந்தது.

அவள் எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கி ஜன்னல் ஓரம் போட்டாள். திரையைப் பாதி இழுத்து வெயிலைத் தணித்தாள். முகத்தைத் துடைக்கவில்லை, முடியை ஒதுக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, சதீஷை நேராகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஊரு சேத்தூரு. கருத்தம்மாள் மக" என்றாள். "எடுங்கண்ணே."