இத்தாவில் மினுக்கிய கார்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி ஆம்பிளைகளெல்லாம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும், றாஹிலா அபாயாவை மாட்டிக்கொண்டு விறுவிறென்று நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் நுஸ்ஹாவுக்குக் கலியாணம். வீட்டில் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் இதைக் கேட்காமல் அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது.

அவளுடைய மூத்த சகோதரர் காலிதீன் காக்கா மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் இப்போதுதான் ஓதி முடிந்தது. அதற்குள் அக்கரைப்பற்றிலிருந்து யாரோ வந்து காக்காவின் காரை விலை பேசிவிட்டுப் போயிருக்கிறாராம்.

கேற்றைத் தள்ளிப் பார்த்தால், கேள்விப்பட்டதைவிட மோசம். காக்காவின் மனைவி ஸம்றா, புருஷன் மௌத்தான நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல், பிற ஆண் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டியவள், வெள்ளைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்து வெயிலில் நின்று காருக்கு மினுக்கும் வெக்ஸ் தேய்க்கிறாள்.

"மதினி, இதென்ன வேல?"

"வாங்க மச்சி. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இது காஞ்சு இறுகிப் போச்சு. என்ன தேச்சும் வருதில்ல."

நீலக் கார் முழுக்க வெள்ளைத் திட்டு. மாப்பானைக்குள் விழுந்து எழும்பியதுபோல் நின்றது.

"உச்சி வெயிலுக்குள்ள ஆர் பூசச் சொன்ன?"

"மறுகா எப்ப பூசுற? ஒழுங்கைத் தெருவில ஆம்பிளையள் இல்லாத நேரம் இது மட்டுந்தானே. கொஞ்சம் கொஞ்சமாப் பூசித் துடைக்கணுமெண்டு எனக்கென்ன தெரியும்? முழுக்கப் பூசிட்டன். அவர் இருக்கக்குள்ள இந்தக் காருல ஒரு துணி போட என்ன விட்டிருக்காரா?"

"உங்கட தம்பிட்டச் சொல்லியிருந்தாக் கொண்டுபோய்க் கழுவித் தந்திருப்பாரே."

"செய்றண்டுதான் சொன்னாரு. நான்தான் வேணாமெண்டன்."

விற்றுக் காசாக்க அவ்வளவு ஆசை. றாஹிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கார விக்கப் போறீங்களாம்?"

"ஓம் மச்சி." ஸம்றா மழுப்பவில்லை. "எனக்குக் கார் ஓடத் தெரியா. சும்மா நிண்டு துருப்பிடிக்கிறதுக்கு ஆராவது ஓடட்டும்."

"காக்காட கபுறு மண் இன்னும் காயல்ல மதினி. வாங்க வாறவனுக்கு மினுக்கிக் காட்ட உங்களுக்கு எப்பிடி மனசு வந்த? ஊர் என்ன கதைக்கும்?"

ஸம்றா குனிந்து கதவையே தேய்த்தாள். விரல்கள் சிவந்து கிடந்தன, வெள்ளைத் திட்டு மட்டும் அசையவில்லை.

கோபம் கோபந்தான். ஆனால் காக்கா பிள்ளை மாதிரிப் பார்த்த கார் இந்தக் கோலத்தில் நிற்பதை றாஹிலாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தள்ளுங்க. முதல்ல இத நிழலுக்கு எடுக்கணும்."

இரண்டு பெண்களுமாகத் தோள் கொடுத்துக் காரை வேம்படிக்குத் தள்ளினார்கள். பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருக்க, ஒருத்தி வெள்ளைச் சேலையிலும் ஒருத்தி கறுப்பு அபாயாவிலுமாய் மூச்சிரைக்கக் கார் தள்ளிய காட்சியை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

இறுகிய இடத்தில் புதிதாய்க் கொஞ்சம் வெக்ஸ் தொட்டுத் தேய்த்ததும் திட்டு இளகி வந்தது. றாஹிலா விடவில்லை. ஏச்சு ஒரு பக்கம், தேய்ப்பு ஒரு பக்கம். நன்றி கெட்ட உலகம் என்றாள். காக்கா பாவம் என்றாள். முன்பக்கப் பொனற்றைத் தேய்க்கும்போது கொஞ்சம் அழவும் செய்தாள். ஸம்றா எல்லாவற்றுக்கும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு மறு பக்கத்தைத் துடைத்தாள். இப்படி ஒரு பொறுமை எங்கேயிருந்து வந்ததோ.

கார் பளபளவென்று நின்றது. காக்கா இருக்கும்போதுகூட இப்படி மினுங்கியதில்லை. அதை நினைக்க றாஹிலாவுக்கு இன்னும் எரிந்தது.

"வாங்குறவன் குடுத்து வெச்சவன்தான்."

"அவரு நேத்தே எடுக்கக் கேட்டாரு மச்சி. கழுவவும் வேணாம், கிடக்கிற மாதிரியே தாங்க எண்டாரு. தம்பிட்டச் சொல்லித் திங்கக்கிழம வரச் சொல்லிட்டன்."

றாஹிலாவின் கை நின்றது.

"அப்ப ஆருக்கு இந்த மினுக்கு?"

"நுஸ்ஹாட மாப்பிள்ளைய என்ட காருலதான் கூட்டி வருவன் எண்டு உங்கட காக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாரே. மறந்திட்டீங்களா?"

றாஹிலா மறக்கவில்லை. காக்காவை அடக்கிய நாளோடு அந்தப் பேச்சையும் அவள் அடக்கிவிட்டாள். மௌத்து வீட்டில் போய்க் கலியாணத்துக்குக் கார் கேட்க எந்த வாய் வரும்? மாப்பிள்ளை கூட்டிவர அவள் புருஷன் எங்கேயோ ஒரு வேன் பேசி வைத்திருந்தார்.

இவ்வளவு நேரமும் தன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் றாஹிலாவின் காதுக்குள் திரும்ப வந்தது.

"நான் இவ்வளவு ஏசக்குள்ள சொல்லியிருக்கலாமே மதினி? தம்பி கழுவித் தாறண்டும் விடல்லயே. ஏன் இந்த வெயிலுக்குள்ள கிடந்து நீங்க..."

ஸம்றா துணியை உதறி மடித்தாள்.

"கலியாணத்துக்கு எனக்கு வர ஏலாதே மச்சி. மாமியா நிண்டு அவளுக்குச் செய்ய எனக்கு இரிக்கிற வேல இது ஒண்டுதான். அதிலயும் பாதிய நீங்க பறிச்செடுத்திட்டீங்க."