தொட்டியில் இருப்பவர்

பழைய சாமான் கடையில் வாங்கிய கடல்நீர்த் தொட்டியில், பாறையோடு ஒட்டி வந்த ஊதாப் பவளம் என்ன வகை என்று மாதங்கிக்குத் தெரியவில்லை. அவள் அருகே போய்ப் பேசினால் மட்டும் அதன் மெல்லிய விரல்கள் எல்லாம் விரியும்.

ஒரு காலையில் போனைக் கண்ணாடியருகே பிடித்து, அது என்னவென்று தேடிப் பார்த்தாள். வகையின் பெயர் வரவில்லை. 'மரகதவல்லி, நாகர்கோவில். மகன்: குமரேசன்' என்று வந்தது. கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது.

கணவன் சிவநேசன் எட்டிப் பார்த்தான். "செத்தவங்களோட சாம்பல்ல பவளம் வளர்க்கிறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நம்ம வீட்டுக்கே வந்துட்டாங்களா?" என்றவன், வெறும் உடம்போடு நிற்பது உறைத்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

மாதங்கி அந்த நம்பரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வீடு மாத்தும்போது சாமானோட சாமானா அம்மா போயிட்டாங்க," என்றார் குமரேசன். "எப்படி இருக்காங்க? விரிஞ்சிருக்காங்களா?"

"நல்லா விரிஞ்சிருக்காங்க."

"எங்க வீட்ல ஒருநாள்கூட விரிஞ்சதில்லைங்க. நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன். அட்ரஸ் சொல்லுங்க."

மாதங்கி தொட்டியைப் பார்த்தாள். அவர் பேசப் பேச விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அவர் முடித்தபோது அங்கே வெறும் கல்தான் இருந்தது.

"மன்னிச்சிருங்க. பேரைச் சரியாப் பார்க்காம கூப்பிட்டுட்டேன். இது வேற யாரோ," என்று சொல்லி போனை வைத்தாள்.

சிவநேசன் போய் வாசல் கதவைத் தாழிட்டான்.