இருபது மணி நேரப் பயணம்

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கணவன் அவளை ஒட்டியே உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அப்பா.

"சாப்பிட்டேன்ப்பா. இங்க ஒரு குறையும் இல்ல. சரிப்பா, நான் போறேன்."

போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "பரவாயில்லையே, அழுது தொலைப்பியோன்னு பார்த்தேன்! அழுதாலும் உங்கப்பா என்ன பண்ணிடுவார்? நடுவுல ஒரு சமுத்திரமே கிடக்கு. பிளேன்லயே இருபது மணி நேரம்."

அவளுடைய பாஸ்போர்ட் அவன் பீரோவில் இருந்தது. மறுநாளும் வழக்கம்போல அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

அதற்கு அடுத்த நாள் மாலை அழைப்பு மணி அடித்தது. திறந்தால், கையில் ஒரு சின்னப் பையோடு மாமனார்.

"என் பொண்ணோட பாஸ்போர்ட்டை எடுங்க மாப்பிள்ளை. கீழ போலீஸ் நிக்குது."

"நான் பக்கத்துலயேதான இருந்தேன்! அவ ஒண்ணுமே சொல்லலையே?"

"சொன்னா. வாய் தவறிக்கூட 'போறேன்'னு சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்'னுதான் சொல்லணும்னு திட்டித் திட்டி வளர்த்த பொண்ணு. அன்னிக்கு என்கிட்டயே 'போறேன்'னா."

அப்பாவோடு வாசலைத் தாண்டியவள், நின்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"போறேன்."