குருவியின் பேனல்

செத்துப்போன குருவிதான் அன்றும் முதலிடம்.

வராந்தாத் திரையைப் பார்த்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பள்ளியின் மொட்டை மாடிக்குச் சோலார் பேனல்கள் வந்தபோது, மின்சாரப் பாடத்தை விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கிறேன் என்று கிளம்பிய அறிவியல் சார், ஆளுக்கொரு பேனலைக் கொடுத்து, அதில் அவரவர் பட்டப்பெயரை ஒட்டச் சொல்லியிருந்தார். எந்தப் பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று திரையில் உடனுக்குடன் தெரியும். அதிகம் தருகிற பேனலின் பெயர் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

குருவி வகுப்பிலேயே சின்ன உருவம், எதிலும் முதலாவது. மழைக்காலத்தில் இறந்துபோனாள். காய்ச்சல் என்றார்கள். அவள் பெயரைப் பிய்த்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை. அது பேனலிலேயே இருந்தது, தினமும் ஜெயித்துக்கொண்டும் இருந்தது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பேனலுக்கு அடியில் கொலுசுச் சத்தம் கேட்டதாக ஒருத்தி சொன்னாள். கண்ணாடியில் முகம் தெரிந்ததாக இன்னொருவன் சத்தியம் செய்தான். யாரும் மாடிப்படி ஏற மாட்டேன் என்றுவிட்டார்கள். பெற்றோர்கள் வந்து கத்திவிட்டுப் போனதும் தலைமையாசிரியை சாரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் இந்தப் பேய்க்கதை ஓய வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயரைப் பிய்த்துவிடுங்கள் என்றார்.

பெயரைப் பிய்க்க சாருக்கு மனமில்லை. காரணம், குருவியின் அப்பா. மருந்துக்கடை வைத்திருக்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். வெள்ளிக்கிழமை தோறும் கடை திறக்கப் போகும் வழியில் பள்ளிக்குள் வந்து திரை முன்னால் நிற்பார்.

"எம்பொண்ணு எத்தனாவது சார்?"

முதலாவது என்று சொன்னதும் அவர் முகம் மலரும். பிறந்தால் இப்படி ஒரு அப்பாவுக்குப் பிறக்க வேண்டும் என்று சார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இவரிடம் போய்ப் பெயரை எடுத்துவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது?

பெண் மட்டும் லேசுப்பட்டவளா? ஒரே ஒரு தேர்வில், அரை மதிப்பெண்ணில், பக்கத்து இடத்து ரெட்டைச்சடையிடம் முதலிடத்தை விட்டாள். அன்றைக்குப் பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் பூட்ட வந்து சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தாள். படிப்பின் மேல் என்ன வெறி பாருங்கள் என்று சார் மறுநாள் ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டார்.

மற்ற எல்லாத் தேர்விலும் ரெட்டைச்சடைதான் இரண்டாவது. இப்போது பேனலிலும் அவளே இரண்டாவது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆரம்பித்து சார் வகுப்பில் ஒரு பாடமே நடத்தினார். தூசி படிந்தால் பேனல் குறைவாகத்தான் தரும். அதன் மேல் கையளவு நிழல் விழுந்தாலும் படுத்துவிடும். குருவியுடையது மட்டும் பளிச்சென்று இருக்கிறது, யாரோ துடைக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம் என்றார்.

"அதான் சார், யாரு?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

ரெட்டைச்சடை தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், இவளும் பயந்து கிடக்கிறாள் என்று சார் நினைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவரே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியும் துணியுமாக மாடியேறி, எல்லாப் பேனலையும் கழுவினார். எல்லாம் ஒரே சுத்தமாகிவிட்டால் பேய்க்கு அங்கே என்ன வேலை?

மறுநாள் காலையில் திரையில் ரெட்டைச்சடை முதலாவது, குருவி இரண்டாவது. வகுப்பே கூத்தாடியது. பார்த்தீர்களா என்று மீசையை நீவிக்கொண்டு, ரெட்டைச்சடைக்குக் கை கொடுக்கத் திரும்பினார் சார். கூட்டத்தில் அவளைக் காணவில்லை.

அவளைக் கூப்பிடுவதற்குள் திரையில் அவளுடைய எண் சரசரவென்று இறங்கியது. பெயர் கீழே போனது. குருவி மறுபடியும் மேலே வந்தாள். பிள்ளைகளின் சிரிப்பு அப்படியே நின்றது.

"வந்துட்டா சார்," என்றான் அதே பையன், மெதுவாக.

பேயாவது பிசாசாவது என்று தனக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே சார் படியேறினார்.

மொட்டை மாடியில் ரெட்டைச்சடை நின்றிருந்தாள். காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி, கைகள் இரண்டையும் விரித்து, தன் நிழலைத் தன் பேனல் மேலேயே விழவைத்துக்கொண்டு நின்றாள். கை வலியில் உடம்பே நடுங்கிக்கொண்டிருந்தது.

தினமும் குருவியுடையதைத் துடைத்தது நீதானா என்று சார் கேட்டார். கையை இறக்காமல் தலையாட்டினாள்.

இருந்தால் இப்படி ஒரு சிநேகிதி இருக்க வேண்டும். பக்கத்தில் போய் அவள் தலையில் கை வைத்தார்.

"இன்னிக்கு நீதாம்மா ஃபர்ஸ்ட்டு. குருவி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. கையைக் கீழ போடு."

அவள் போடவில்லை. அவள் பார்வை கீழே பள்ளி கேட் பக்கம் இருந்தது. மருந்துக்கடைக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வழக்கம்போல நிதானமாக வராந்தாவை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் சார். அவர் பாத்துட்டுப் போயிரட்டும்."

"பாக்கட்டுமே. அதனால என்னம்மா?"

ரெட்டைச்சடை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவ செகண்டு வந்தா, அவங்க அப்பா அடிப்பாரு சார்."