நெஞ்சில் அச்சடித்த வசவு

சலவை இயந்திரத்திலிருந்து அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டை எஜமானி இரண்டு விரல்களால் வெளியே தூக்கினாள்.

நெஞ்சில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல். ப்ரை.

பிரபுக்களுக்குக் கைகட்டி உழைத்துச் சாகும் குடிகளுக்குப் பழைய சயாமில் அதுதான் பெயர். போன வருடம்வரை வசவு. இந்தச் சித்திரையில் பாங்காக் தெருவெல்லாம் போராட்டக்காரர்கள் அதையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு, “ஆமா, நாங்க ப்ரைதான், அதுக்கென்ன இப்ப?” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“யாரோடதுடி இது?”

வடகிழக்கே ஈசான் சீமையிலிருந்து பிழைக்க வந்த சமையல்காரி புவாலை அகப்பையோடு சமையலறை வாசலில் நின்றாள். மாடிப்படியில் எஜமானியின் மகள் ரின் நின்றாள். பல்கலைக்கழகத்தில் படிப்பவள்.

“உங்க துணிய எங்க துணியோட போடாதேன்னு எத்தன தடவ சொல்றது? என் வீட்டு அரிசியத் தின்னுட்டு என்னையே ஒழிகன்னு கத்துவியா? ஈசான் எருமைக்கு அரசியல் வேற கேக்குதோ?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும். ஊரில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடும்.

புவாலை மாடிப்படியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரின் கைப்பிடியைப் பற்றியபடி தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. யாரும் அசையவில்லை.

“என்னோடதுதாம்மா.” எஜமானிக்குச் சொன்ன பதில்தான். ஆனால் கண் படியைவிட்டு நகரவில்லை. “எங்கப்பனோடது. அவன் அப்பனோடது. இந்த வீட்டுல வேற யாரோடதும் இல்ல.”

“அப்ப கிளம்பு. இந்தச் சந்துல ஒரு வீட்டுலயும் உன்ன வேலைக்குச் சேத்துக்க விடமாட்டேன்.”

புவாலை அகப்பையைத் தரையில் போட்டாள். எஜமானியின் கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிடுங்கி, தன் சட்டைக்கு மேலேயே தலைவழியாக இழுத்தாள்.

அது தோளில் சிக்கியது. இன்னும் வெறியோடு இழுத்தாள். அக்குளில் தையல் விட்டது. கீழ் ஓரம் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

ஒல்லியான, பத்தொன்பது வயதுப் பெண்ணின் அளவு.

எஜமானி கிழிந்த தையலைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். முகத்திலிருந்த கோபம் முழுவதும் வடிந்துபோயிற்று.

பிறகு புவாலையிடம் திரும்பி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

“போறப்ப கேட்டச் சாத்திட்டுப் போ.”