கைகாட்டி

"'குழி'ன்னு ஒரே ஒரு வார்த்தை சார். அதைச் சொன்னா உங்க வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

ரோட்டோரம் உட்கார்ந்திருந்த பேங்க்காரர், சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். அவருடைய சைக்கிளின் முன்சக்கரம் கோணிக்கொண்டு பக்கத்தில் கிடந்தது.

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சைக்கிள் குழுவில் அவருக்கு மௌனசாமி என்று பட்டப்பெயர்.

"நான் கை காட்டினேனே" என்றார், அதையும் மெதுவாக.

"காட்டினீங்க. நான் குனிஞ்சு கியர் மாத்திட்டிருந்தேன். எனக்கென்ன உச்சந்தலையிலயும் ரெண்டு கண்ணா இருக்கு?"

பேங்க்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது. வரிசையாகச் சைக்கிள் ஓட்டும்போது முன்னால் போகிறவர்தான் மற்றவர்களுக்குக் கண். குழியைப் பார்த்தால் அவர் "குழி" என்று கத்த வேண்டும். அடுத்தவர் அதை வாங்கித் தனக்குப் பின்னால் இருப்பவருக்குக் கத்த வேண்டும். அப்படியே அது வால்வரைக்கும் போகும். எதிர்க்காற்றை ஒருவரே வாங்கினால் தாங்காது என்பதால் எல்லோரும் முறை போட்டு முன்னால் வருவார்கள். மௌனசாமியின் முறை வந்தால் மட்டும் ஊமைப்படம்தான். ஒரு கையைத் தாழ்த்தி ரோட்டைக் காட்டுவார். அதோடு விடாமல், பின்னால் வருகிறவர் பார்த்தாரா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

பேங்க்காரரின் முழங்கைக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் கேப்டன் எழுந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். இந்தக் குழுவைக் கட்டி மேய்ப்பது அவள்தான். அடுத்த வாரம் மலையைச் சுற்றி நீண்ட பயணம். யார் விழுந்தாலும் அவர்கள் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

"சார், மலை ரோடு இந்த மாதிரி கிடையாது. இறக்கத்துல ஒருத்தர் விழுந்தா அவ்வளவுதான். இனிமே வாயால சொல்றேன்னு எனக்கு வாக்கு குடுங்க. 'குழி'ன்னு சொல்லப் பிடிக்கலேன்னா 'பள்ளம்'னு சொல்லுங்க. ஏதோ ஒண்ணு."

மௌனசாமி தன் சைக்கிளிலிருந்து காற்றடிக்கும் பம்பைக் கழற்றி, கோணிய சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்த ரோட்டுல ஒரு தடவை போயிட்டு வந்துடணும்னு கிடந்து தவிக்கிறேம்மா. ஆனா கத்தறது மட்டும் என்னால ஆகாது."

"அப்ப நீங்க வர வேண்டாம் சார்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே சுருக்கென்றது. அவர் தலையாட்டிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பம்ப் அங்கேயே கிடந்தது.

மறுநாள் மருந்துக் கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. தலைவலி மாத்திரை கேட்டவருக்கு இருமல் மருந்தை எடுத்து நீட்டி அசடு வழிந்தாள். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் வார்த்தைக்கு அந்த மனுஷன் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார்? ஒருவேளை அந்த வார்த்தை அபசகுனம் என்று நினைக்கிறாரோ? சாயங்காலம், பம்பைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அவர் மகள்.

"அப்பா கடையிலேர்ந்து இன்னும் வரலக்கா. உள்ள வாங்க."

கூடத்தில் பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்று நின்றது. துடைத்துத் துடைத்தே அதன் பெயிண்ட் மங்கியிருந்தது.

"உன்னோடதா?"

"அம்மாவோடது. அம்மா இப்ப இல்ல."

கேப்டன் பம்பை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டே மகள் கேட்டாள்:

"அப்பாவை மலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே? நேத்துலேர்ந்து சரியாவே சாப்பிடல."

"எனக்கும் மனசு ஆறலம்மா. அதான் ஒரு யோசனையோட வந்தேன். அவர் முன்னாடி போகவே வேண்டாம். கடைசி ஆளா வரட்டும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல."

"அதுக்கு அப்பா ஒத்துக்க மாட்டாரு. பின்னாடி வர்றவங்களை அவர்தான் பத்திரமா கூட்டிட்டுப் போகணும்னு நினைப்பாரு."

கேப்டனுக்கு அடங்கியிருந்த கோபம் மறுபடி தலைதூக்கியது.

"அவ்வளவு அக்கறை இருக்கிறவர் வாயைத் திறக்க வேண்டியதுதானே? இதென்ன பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்லக்கா." மகள் சைக்கிளின் சீட்டில் கையை வைத்துக்கொண்டாள். "அப்பாவும் அம்மாவும் ஊர் ஊரா சைக்கிள்லயே சுத்துவாங்க. எப்பவும் அப்பா முன்னாடி, அம்மா பின்னாடி. அம்மா ஒரு தடவைகூட விழுந்ததில்ல. அன்னைக்கு, நீங்க இப்ப போகப்போற அதே மலை இறக்கத்துல, அப்பா தண்ணி குடிக்கலாம்னு ஒரு கையில பாட்டிலை எடுத்திருக்காரு. இன்னொரு கை பிரேக்குல. திடீர்னு முன்னாடி பெரிய குழி. கை காட்ட வழியில்ல. அதனால கத்தினாரு."

"கத்தினாரா?"

"தொண்டை கிழியக் கத்தினாரு. கீழ் வளைவுல லாரியை நிறுத்திட்டு நின்னவருக்கே கேட்டுச்சாம். அதுக்கப்புறம் ரோட்டுல அப்பா கத்தினதே இல்ல."

கேப்டனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"சரியாத்தானே செஞ்சிருக்காரு? அதைத்தானே நாங்களும் செய்யச் சொல்றோம். அவ்வளவு சத்தமா கத்தியும் அம்மா ஏன் விலகல?"

மகள் சீட்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"அம்மாவுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காதுக்கா."